கையால் வைத்த வேகம்

மார்ச் 3, திங்கள்
எங்கள் கிளினிக்கில் புதிய சேர்வர் ஓடத் தொடங்கி மூன்றாம் நாள். வேகம் பத்து கிகாபிட். வரவேற்பு மேசையில் தொட்டவுடன் றிப்போர்ட் திறக்கிறது. இரத்தப் பரிசோதனை அறையில் மட்டும் நத்தை. மெஷினோடு வந்த அந்தப் பழைய கொம்பியூட்டரிலிருந்து ஒரு றிப்போர்ட் வர நாலு நிமிடம். கொம்பியூட்டர்களை இணைக்கிற புதிய சுவிட்சின் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான், பழைய கருவிகளோடும் இயங்கும் என்று. அதை நம்பி, வாங்கலாம் என்று முதலாளி சேதுராமன் சேருக்கு எழுதிக் கொடுத்தவள், இங்கே கொம்பியூட்டர் பொறுப்பில் இருக்கிற நான்தான்.

மார்ச் 4
கேபிள் மாற்றினேன். போர்ட் மாற்றினேன். அதே கதை.

மார்ச் 5, புதன்
அந்த மெஷினைப் பார்க்கிற அஸீமா தாத்தா ஆறு மணி தாண்டியும் காத்திருந்தார். (அவர் வீட்டில் அக்காவைத் தாத்தா என்பார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது.) அலவத்துகொடை வீட்டுக்குப் போய்ச் சேர நேரமில்லை. நடையில் நின்றபடியே ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தார். "பரவால்ல மிஸ், நீங்க பாருங்க" என்றார். எனக்குத்தான் கோபம். அந்தக் கிழட்டுப் பெட்டிமேல்.

மார்ச் 6
சேர் கேட்டார்: "முடிவா சொல்லுங்க நிரஞ்சனி. ஓடுமா, ஓடாதா?"
பழைய மெஷின் புதியதற்கு ஈடுகொடுக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாத முடிவில் அந்த அறையை மூடுவதாம், இரத்தமெல்லாம் கொழும்புக்காம். அப்போ அஸீமா தாத்தா? "அவங்களுக்கு இங்க வேற வேல இல்லையே." பதினெட்டு வருடம் இங்கே இருப்பவர்! நான் இதைக் கேட்கவில்லை. ஆனால் என் கையெழுத்துத்தானே —

மார்ச் 7
சோதித்ததெல்லாம் புதிய பக்கத்தை. பழையதைத் திறந்து பார்த்தேனா? இல்லை. பழசுதானே, அதில்தான் கோளாறு என்ற நினைப்பு.

மார்ச் 8, சனி
இன்று திறந்தேன். வேகம் "தானாக" என்று இல்லை. நூறு மெகாபிட், இருவழி (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று யாரோ கையால் பூட்டி வைத்திருக்கிறார்கள். எந்த மடையன் செய்த வேலை என்று வாய்விட்டே திட்டிவிட்டேன்.

அஸீமா தாத்தா, தானே தைத்துப் போட்டிருந்த தூசி உறையைத் தூக்கினார். பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர். "நூறு, இருவழி. மாற்றக் கூடாது. நிரஞ்சனி, 2013."

என் எழுத்து. அன்றைய சுவிட்ச் இதோடு பேசி ஒத்துப்போக மாட்டேன் என்றது, நான்தான் இரண்டு பக்கமும் பூட்டினேன். இப்போதைய சுவிட்ச் எந்த வேகம், இருவரும் ஒரே நேரத்தில் பேசலாமா என்று கேட்கிறது. பூட்டிக் கிடக்கும் பழைய பெட்டி பதிலே சொல்வதில்லை. அதனால் புதியது, ஒருவர் முடித்த பிறகே மற்றவர் என்று வைத்துக்கொள்கிறது. பழையது நடுவில் பேசுகிறது. மோதல், திரும்ப அனுப்பு, மோதல். பூட்டை எடுத்தேன். ஒரு விநாடி. றிப்போர்ட் போய்விட்டது.

ஸ்டிக்கர்மேல் டேப். பழுத்து, ஓரம் புதிதாக மறுபடி ஒட்டிய டேப்.

"போன சனிக்கிழம உங்களுக்கு உதவியா சேர்வர் பொருத்த வந்த திலக்ஷன் தம்பி இத மாத்தப் போனாரு. நான் விடல்ல. நிரஞ்சனி மிஸ் எழுதினது, தொட வேணாம்ண்டு சொன்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல தாத்தா?"

"நீங்க எழுதினது உங்களுக்குத் தெரியாதா மிஸ்?"

ஐயோ. பன்னிரண்டு வருஷமா என் பேச்சக் காப்பாத்தினவங்க வேலைக்கு நானே உலை வச்சிருக்கேன்.

மார்ச் 9
சேருக்குச் சொல்லாமலே விடலாம். ஏதோ சரியாகிவிட்டது என்று சொன்னால் போதும், யாரும் நோண்டப் போவதில்லை. ஆனால் அந்தக் கடிதம் மெஷின்மேல் பழி போட்டுக் கோப்பில் கிடக்கும். இன்னொரு நாள் எடுப்பார்கள்.

மார்ச் 10, திங்கள்
சொன்னேன். பிழை என்னுடையது என்று எழுதியும் கொடுத்தேன். அறையை மூடுவதில்லையாம். இனி என் அறிக்கைகளை, எனக்குக் கீழே வேலை பார்க்கிற திலக்ஷனும் பார்த்துக் கையெழுத்திடுவானாம். வலித்தது. நியாயம்தான்.

மார்ச் 19, புதன்
நாலரைக்கு எல்லா றிப்போர்ட்டும் போய்விட்டது. அஸீமா தாத்தா ஐந்து மணி மாத்தளை பஸ்ஸைப் பிடித்துவிட்டார், இன்று நோன்பு திறப்பது வீட்டில்தான். பழைய ஸ்டிக்கரை உரித்துப் புதியது எழுதி ஒட்டியிருந்தேன்: "தானாக. தேவைப்பட்டால் மாற்றலாம், என்னைக் கேட்கத் தேவையில்லை."

போகுமுன் உறையைத் தூக்கிப் பார்த்தேன். புது ஸ்டிக்கர்மேலும் டேப் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார் தாத்தா.