மவுஸைத் தொடாமல் திறக்கும் ஆல்பம்

அப்பா,

திறந்துவிட்டது! டிஸ்க்கை உள்ளே தள்ளினேன். மவுஸைத் தொடவே இல்லை, நீங்கள் எடுத்த கல்யாணப் படங்கள் தானாகவே திரை முழுக்க விரிந்தன. மூன்று தடவை எடுத்து எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

நேற்று அந்தக் கல்யாண மாப்பிள்ளையின் அண்ணன் ஸ்டுடியோவுக்கு வந்து, “போட்டா ஒண்ணுமே வரலையே சார்” என்று டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தாரே, தப்பு என்னுடையதுதான். ஆல்பத்தைத் தொடங்கச் சொல்லும் சின்ன ஃபைலைப் படங்களோடு ஃபோல்டருக்குள் வைத்துவிட்டேன். கம்ப்யூட்டர் அதை டிஸ்க்கின் வாசலில் மட்டும்தான் தேடும், உள்ளே வந்து பார்க்காது. இன்று காலை வெளியே எடுத்து வைத்துப் புது டிஸ்க்கில் பதிந்தேன், அவ்வளவுதான்!

அவர் பத்து மணிக்கு மறுபடி வருவார். புது டிஸ்க் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல் இருக்கிறது. அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். போட்டதும் நீங்கள் அவசரப்பட்டு எதையும் அமுக்காதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள், வந்துவிடும்.

ஸ்டுடியோ சாவி ஆணியில். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறவிடாதீர்கள்.

“டிகிரி வாங்கி என்னத்தக் கிழிச்ச?” என்று நேற்று அவர் எதிரிலேயே கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இந்த டிஸ்க்.

பி.கு.: நேற்று என் அறை வாசல்வரை வந்து, கனைத்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். எனக்குக் கேட்டது. இன்று வேலை முடிந்து வந்ததும் கதவைச் சாத்த மாட்டேன். திறந்ததா என்று உள்ளே வந்து சொல்லுங்கள்.