ஐந்தாம் மாடி ஜிம்மும் அக்காவின் நாற்காலியும்

அண்ணே, எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிட்டாயிற்றா? நீங்கள் இருக்கும் இடத்தில் மாடிப்படி உண்டா இல்லையா, தெரியவில்லை. இருந்தாலும் உங்களுக்கு மூச்சு வாங்காது என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை என் வீட்டுக்காரி பாக்கியம் உங்கள் ரப்பர் பாயைக் கழுவி நடைபாதைக் கம்பியில் காயப் போட்டாள். வெயில் ஏற ஏற அதிலிருந்து வாசனை கிளம்பியது. பழைய டயர் வாசனை, அதன் அடியில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய், மேலே சோப்பு. ஜுருவில் நீங்கள் வேலை பார்த்த கார் பழுது பார்க்கும் காடிப் பட்டறையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்து எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடியில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உங்களோடு பேச வேண்டும் போல் ஆகிவிட்டது.

அந்தப் பாயை நீங்கள் கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மோட்டார் சைக்கிளின் பின்னால் சுருட்டிக் கட்டி, கடல் பாலத்தில் காற்று அடிக்க அடிக்க ஓட்டி வந்தீர்கள். "ஆளையே தூக்கிட்டுப் போயிரும் போல, தம்பி" என்று சிரித்தீர்கள். அதற்கு முன்னால் ஒரு மாதம் காசு கட்டி ஜிம்முக்குப் போய்ப் பார்த்தவர் நீங்கள். பளிச்சென்று விளக்கு, காது அடைக்கும் பாட்டு, சுற்றிலும் இளவட்டம். உங்களுக்கு அதெல்லாம் தொந்தரவே இல்லை. தொந்தரவு சட்டைப்பையில் இருந்தது. வீட்டில் தனியாக இருக்கும் உங்கள் மனைவி, நம் அக்கா, போன் பண்ணுவாரோ, விழுந்துவிட்டாரோ என்று ஒரு கையில் இரும்பும் ஒரு கையில் போனுமாக நின்றிருக்கிறீர்கள். "அங்க போய்த் தூக்கினதெல்லாம் போனைத்தான்" என்றீர்கள். அதோடு அது முடிந்தது.

அக்காவுக்குச் சர்க்கரை முதலில் காலைப் பிடித்தது, பிறகு கிட்னியைப் பிடித்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாமோ ஐந்தாம் மாடி, பக்கத்துப் பக்கத்து வீடு. நம் லிப்ட்டின் குணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நாளில் ஓடும், மழை பெய்தால் படுத்துக்கொள்ளும். ஒரு தடவை அது நின்றுபோய், அக்கா போக முடியாமல், மறுநாள் முகமெல்லாம் வீங்கி மூச்சுக்குத் திணறினார். அன்றைக்குத்தான் நீங்கள் முடிவெடுத்தீர்கள். லிப்ட் ஓடாத நாளிலும் அவரைக் கீழே இறக்க வேண்டும், அதற்கு உங்கள் உடம்பு வேண்டும். ஆனால் அவரைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போகவும் முடியாது. அப்படித்தான் ஹாலில் ஜிம் வந்தது.

முதலில் சோபா வெளியே போனது. நடு ஹாலில் மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் விரித்தீர்கள். "எதுவும் இடிக்கல பாரு. இவ்வளவு இடம் போதும், இதுதான் ஜிம்" என்றீர்கள். கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்று சொல்லி, பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தீர்கள். பழைய சாமான் கடையில் இரண்டு டம்பெல். ஒரு பெஞ்சு. அலமாரிக் கதவைக் கழற்றி அதன் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துத் திருகாணி போட்டு முடுக்கினீர்கள். கடைசியாக, பட்டறையில் கிடந்த பலகையில் ஒரு பெட்டி. அதன் உயரம் நம் மாடியில் ஒரு படியின் உயரம். அதுதான் உங்களுக்குப் பிரியமான சாமான். ஏறி இறங்கு, ஏறி இறங்கு, அவ்வளவுதான். "கடையில விக்கிறத வாங்காத. உன் வேலைக்கு எது வேணுமோ அத வை" என்பீர்கள்.

பாக்கியம் விடுவாளா? கோப்பி கொடுக்க வந்தவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"அண்ணே, சினிமாவுல கூப்பிட்டிருக்காங்களா?"

"ஆமாம்மா. வில்லனுக்கு அப்பாவா."

"இவரையும் சேத்துக்குங்க. செத்த பொணமா நடிக்க ஆள் வேணும்ல."

அவள் சொன்ன இவர் நான்தான். அப்போது எனக்கு இடுப்பு வலி. உங்களுக்குத்தான் தெரியுமே, ஆயுசில் பாதி நான் அரிசி லாரியில் இருந்தவன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் லாரியை நிறுத்தி மூட்டை இறக்குவோம். அங்கே நாசி கண்டார் சோற்றுக்கடை மாமா ஒருவர் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொல்வார், அந்தக் காலத்தில் சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் ஒரு கம்பின் இரண்டு முனையிலும் கட்டித் தோளில் தூக்கித் தெருத்தெருவாக விற்பார்களாம். அந்தக் கம்புக்குத்தான் கண்டார் என்று பேராம். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கரண்டி குழம்பு சேர்த்து ஊற்றுவார். அதனால் தெரியாத மாதிரி திரும்பத் திரும்பக் கேட்பேன். எங்கேயோ போய்விட்டேன். இடுப்பு வலி. அந்த வலியோடு உங்கள் பெட்டியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். காசு இல்லை, சட்டை வேண்டாம், கைலியே போதும், மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் நாலு எட்டு நடந்தால் வந்துவிடலாம். கொஞ்ச நாளில் வலி போன இடம் தெரியவில்லை. அக்கா அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே நம்மை மிரட்டுவார். "தம்பி ஏமாத்துறாரு, பாதிதான் குனியிறாரு" என்பார். அந்தச் சிரிப்புக்காகவே பாதி குனிந்திருக்கிறேன்.

லிப்ட் மறுபடி நின்றது. நீங்கள் தயார் என்று நினைத்தீர்கள். குழந்தையைத் தூக்குவது போல அக்காவை இரண்டு கையிலும் ஏந்தினீர்கள். ஒரு மாடி இறங்குவதற்குள் பிடி நழுவப் பார்த்தது. இரும்பு பயப்படாது, மனுசி பயப்படுவார். அவர் உங்கள் கழுத்தை இறுக்க, உங்களுக்கு மூச்சு நிற்க, நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் கீழ்மாடிச் சீன ஆன்ட்டியின் மகனும் ஓடிவந்து எப்படியோ இறக்கினோம். "நான் என்ன மூட்டையா லா?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

பிறகு பட்டறையில் பழைய ஆபீஸ் நாற்காலி ஒன்றைச் சக்கரம் கழற்றி, முன்னும் பின்னும் இரும்புக் குழாயில் கைப்பிடி வைத்துப் பற்றவைத்தீர்கள். உடைத்துப் போட்ட காடியிலிருந்து சீட் பெல்ட். இனி தனியாக இல்லை, இரண்டு பேர். நீங்கள் முன்னால், நான் பின்னால். நமக்குத்தான் பழக்கம் உண்டே. சின்ன வயதில் நம் தெருக்கோவில் சாமியைப் பல்லக்கில் சுமந்தவர்கள் தானே. படி இறங்கும்போது முன்னால் நிற்கிறவன் உயர்த்திப் பிடிக்க வேண்டும், பின்னால் நிற்கிறவன் தாழ்த்த வேண்டும், சாமி சாயக் கூடாது.

நாற்காலியில் முதலில் ஏறியது என் அரிசி மூட்டைதான். அதற்குப் பெல்ட் போட்டு நாம் படியில் இறங்கியதைச் சீன ஆன்ட்டி பார்த்துவிட்டு மலாயில் கேட்டது உங்களுக்கு மறந்திருக்காது. அரிசிக்கு உடம்பு சரியில்லையா என்றார்.

மூட்டை அழகாக இறங்கியது. அக்கா இறங்கவில்லை. ஒரு மாடி போனதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "போதும், மேல கொண்டு போங்க" என்று அழுதார். மேலே வந்த பிறகும் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. "லிப்ட் நின்னா நான் போகல. வர்றது வரட்டும்" என்றார். உங்கள் முகம் அன்று கறுத்ததை நான் பார்த்தேன். இத்தனை உடம்பை ஏற்றியும் ஒன்றும் உதவவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அடுத்த நாள் காலையில் பாயில் உட்கார்ந்து நீங்கள் அவரிடம் மெதுவாகக் கேட்டீர்கள். "எதுக்குப் பயம்? நாங்க விட்டுருவோம்னா?"

"இல்ல. உங்க முதுகுதான் தெரியுது. மூஞ்சி தெரியல. கீழ பள்ளமாத் தெரியுது, நீங்க எங்கன்னு தெரியல."

அண்ணே, அப்போதுதான் நமக்கு உறைத்தது. பல்லக்குத் தூக்குகிறவன் வழியைப் பார்த்து நடப்பான், சாமிக்கு முதுகைத்தான் காட்டுவான். சாமிக்கு அது போதும். அக்காவை நாம் சாமி மாதிரியே தூக்கியிருக்கிறோம். பல்லக்குத் தூக்கிப் பழகாத எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

நீங்கள் எழுந்து கண்ணாடியை எதிர்ச்சுவருக்கு மாற்றினீர்கள். அக்காவுக்கு முகம் தெரிய வேண்டும் என்று பெட்டியிலிருந்து பின்பக்கமாகவே இறங்கப் பழகினீர்கள். முதல் நாட்களில் கண்ணாடியில் உங்கள் குதிகாலைப் பார்த்து, பிறகு பார்க்காமல். வீட்டுக்குள் செருப்பு போடாதவர்கள் நாம், அதனால் பழக்கமெல்லாம் வெறுங்காலில்தான். அது நல்லதாகப் போயிற்று. பெருவிரல் படி விளிம்பைத் தேடித் தொட்டு, அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் குதிகால் இறங்கும். "மூச்சை அடக்காத, பேசிக்கிட்டே இறங்கு. பேச முடியலேன்னா கனம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்" என்பீர்கள். அவசரப்படவே இல்லை. கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு நாள் செய்தால் ஒரு நாள் ஓய்வு. அரிசி மூட்டையிடம் முகத்தைக் காட்டி நீங்கள் பேசிக்கொண்டே இறங்கியதைப் பார்த்து அக்காவே சிரித்துவிட்டார். "என்கிட்ட இவ்வளவு பேசினதில்ல" என்றார்.

அதற்குப் பிறகு லிப்ட் நின்ற நாளில் நீங்கள் அவரைப் பார்த்தபடி பின்னால் பின்னால் இறங்கினீர்கள். "பெலான், பெலான், மெதுவா" என்று நான் மேலிருந்து சொல்ல, பாசாரில் மீன் விற்ற விலையை நீங்கள் அவரிடம் சொல்லிக்கொண்டே போனீர்கள். அக்கா கண்ணை மூடவில்லை. கீழே போனதும், "மீன் விலை பொய்தானே?" என்று கேட்டார். "ஆமா" என்றீர்கள்.

நீங்கள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனதும், அங்கிருந்து வராமல் போனதும் சீக்கிரம் நடந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் லிப்ட் ஒழுங்காக ஓடியது. துக்கத்துக்கு வந்த ஒருவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெச்சிருந்து என்ன பிரயோசனம், ஆளே போயிட்டாரு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நீங்கள் நூறு வயது வாழ்வதற்கா அந்தப் பெட்டியைச் செய்தீர்கள்?

சிங்கப்பூரிலிருந்து வந்த உங்கள் மகன் நல்ல பிள்ளை. ஆனால் தவித்தான். "மாமா, அம்மாவைப் பார்த்துக்கிற இல்லத்துல சேத்துடலாமா? லிப்ட் நின்னா யார் தூக்குவா?" என்றான். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சேத்துடுப்பா" என்றார். போக விருப்பமில்லாதவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். சீன ஆன்ட்டியின் மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். நான் முன்னால் போனால் பின்னால் பிடிக்க ஆள் இல்லை.

பாக்கியம் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உங்கள் பெட்டியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள்.

"என்ன பாக்குறீங்க? பின்னாடி பிடிக்க ஆள் வேணும்ல?" என்றாள். பிறகு உங்கள் மகனைப் பார்த்து, "கொஞ்ச நாள் குடு, தம்பி. அதுக்குள்ள எனக்கு வரலேன்னா கூட்டிட்டுப் போ" என்றாள்.

அவன் மூன்று மாதம் என்றான். அந்த மூன்று மாதமும் அவள் காலையில் விளக்கேற்றியதும் நேராக உங்கள் ஹாலுக்குத்தான் வந்தாள். முதலில் வெறும் பெட்டி. பிறகு தண்ணீர்ப் போத்தல். பிறகு டம்பெல். பிறகு நாற்காலியின் பின்பக்கம். அக்கா கட்டிலிலிருந்து மிரட்டுவது திரும்பவும் தொடங்கியது. "பாக்கியம், முட்டியை மடக்கு, இடுப்பை மடக்காத." இதை அவர் எப்போது கற்றார் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் கட்டிலில் இருந்து உங்களைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மகன் வந்தான். லிப்ட் நன்றாக இருந்த நாளிலேயே அவன் கண் முன்னால் நாங்கள் படியில் இறக்கிக் காட்டினோம். ஐந்து மாடியும் கூடவே நடந்து வந்தான். கீழே நின்று அம்மாவின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இல்லத்தைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.

அக்கா இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார், அண்ணே. சிகிச்சையை ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. முன்பக்கம் இப்போது நான் நிற்கிறேன். பின்னால் பின்னால் இறங்குவது சுலபம் இல்லை, கால் படியைத் தேடும். மீன் விலை எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால் லாரிக் கதை சொல்கிறேன். நேற்று படியில் வைத்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உங்களைப் பற்றி ஒன்று சொன்னார். அதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். என்ன சொன்னார் என்றால்...

"ஏங்க, லிப்ட் ரோசாக், மறுபடி நின்னுபோச்சு. அக்காவுக்குப் பெல்ட் போட்டாச்சு, மூஞ்சியத் தேடுறாங்க, வாங்க."

பாக்கியம்தான் கூப்பிடுகிறாள். வந்துவிட்டேன் என்றேன். அண்ணே, அக்கா சொன்னது என்னவென்றால், நீங்கள் இறங்கும்போது அவர் கீழே பள்ளத்தைப் பார்த்ததே இல்லையாம், உங்கள் மூஞ்சியை மட்டும்தான் பார்த்தாராம்.