இரண்டு க்ளிக்

1984 ஆகஸ்ட் 6, திங்கள். அரியலூர்.

காலையிலிருந்தே புழுக்கம். கொடியில் காயும் துணியெல்லாம் சிமெண்ட் தூசி. துவைத்ததையே திரும்பத் துவைக்க வேண்டியிருக்கிறது என்று மனைவி சரோஜா புலம்பல். நான் வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருப்பது இது பதினோராம் நாள். பக்கத்து வீட்டில் லீவு என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

செய்ய வேண்டியவை: அரிசி. மண்ணெண்ணெய். சைக்கிளுக்குக் காற்று. விசாரணைக்கு வாக்குமூலம், வெள்ளிக்குள்.

முதல் மூன்றும் முடிந்தன.

7, செவ்வாய்

வாக்குமூலத்துக்கு முன் இங்கே ஒருதடவை எழுதிப் பார்க்கிறேன். யாருக்கும் காட்டப் போவதில்லை.

அன்று விமான நிலைய டவரில் மைக் என் கையில். பயணிகள் விமானத்துக்குச் சொன்னேன்: மூவாயிரம் அடிக்கு இறங்கவும். உடனே பயிற்சி விமானத்துக்கு: இரண்டாயிரத்திலேயே இருக்கவும், ஏற வேண்டாம். அதில் தனியாகப் பறந்தவன் செல்வராசு. பெரம்பலூர்க்காரன், இருபத்திரண்டு வயது. காதில் இரண்டு க்ளிக். மைக் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் 'கேட்டது, சரி' என்று அர்த்தம். புத்தகத்தில் கிடையாது. வாய் திறக்கச் சோம்பல்பட்டவர்கள் கொண்டுவந்த பழக்கம். செ.தான் என்று நினைத்து அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

செ. காதில் நான் சொன்னது விழவே இல்லை. பாடப்படி ஏற வேண்டிய நேரம், ஏறினான். பெரிய விமானம் உரசாத குறையாகப் போனது. அதன் காற்று சின்னதைப் புரட்டிப் போட்டது. பெரியதில் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. செ. விமானத்தோடு காய்ந்த ஏரிக்குள் விழுந்து போய்விட்டான்.

அந்த க்ளிக் பெரிய விமானத்துக் கேப்டனுடையது, இறங்கச் சொன்னதற்குப் பதில். அவர் எப்போதும் அப்படித்தான். டவர் பேச்செல்லாம் பதிவாகும் டேப்பை நாலு தடவை போட்டுக் கேட்டேன். சின்ன விமானத்தில் பொத்தானைத் தொட்டாலே பின்னால் என்ஜின் தடதடக்கும். இதில் தடதடப்பே இல்லை.

செ. எதைச் சொன்னாலும் வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வான், கடைசியில் ஒரு 'சார்' வேறு. காதில் விழுந்திருந்தால் அன்றும் சொல்லியிருப்பான். ஒருநாள் கேண்டீனில் நான்தான் கடிந்துகொண்டேன்: "எல்லாத்தையும் ஒப்பிக்காதப்பா. ரெண்டு க்ளிக் போதும்." அதனால்தான் அன்று க்ளிக் கேட்டதும், பரவாயில்லையே, திருந்திவிட்டான் என்று நினைத்தேன். பாவி நான்.

8, புதன்

மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. மேலதிகாரி ஆள் அனுப்பியிருந்தார். வந்தவர் காபி குடித்துக்கொண்டே சொன்னது: டேப்பில் க்ளிக் இருக்கிறது, யாருடையது என்று யார் கண்டது. கேப்டனும் நினைவில்லை என்று எழுதிவிட்டாராம். பையன் பதில் கொடுத்தான், மீறி ஏறினான் என்று எழுதினால் முடிந்தது. போனவன் போய்விட்டான், நீ பிள்ளைகுட்டிக்காரன். பெரம்பலூரிலும் அதற்குள் அப்படித்தான் பேச்சாம்.

அவர் போனபின் சரோஜா தம்ளரைக் கழுவிக்கொண்டே, "அவுங்க வூட்லயும் அது புள்ளதானே" என்றாள். எரிந்து விழுந்தேன்.

9, வியாழன்

எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். கேண்டீன் பேச்சையும் சேர்த்து. ரிஜிஸ்டர் தபால். வேலை போகும். பயமாகத்தான் இருக்கிறது.

தபாலாபீசிலிருந்து நேராக பெரம்பலூர் பஸ். நிற்கத்தான் இடம். செ.யின் அப்பா ஆஸ்பத்திரி கம்பவுண்டர். டவரில் இருந்தவன் நான்தான் என்றேன். திட்டவில்லை. பெஞ்சைக் காட்டினார். உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து கொடுத்தார். மகன் கையெழுத்து. டவரோடு பேச வேண்டியதெல்லாம் வரிசையாக. கடைசிப் பக்கத்தில்: 'டவர் சார் க்ளிக் போதும் என்கிறார். வாத்தியார் விடமாட்டார். லைசென்ஸ் வந்தபிறகு பார்க்கலாம்.'

இரண்டு முறை படித்தேன்.

"கடைசியா என்னங்க சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலைங்க. நான் சொன்னது அவன் காதுல விழல. பதில் வந்துச்சான்னு பாக்காம விட்டது நான்தான். அப்படியே எழுதிக் குடுத்துட்டேன்."

நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"அப்ப எம்புள்ள சொன்ன பேச்ச மீறல."

"மீறலைங்க."

உள்பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றார். கதவுக்குப் பின்னால் அவன் அம்மா. சத்தமே இல்லை. அரியலூருக்குத் திரும்ப வேண்டிய பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நான் எழுந்திருக்கவில்லை. பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.