மூன்று பொட்டு வைத்த ராடு

இன்று ஆயுத பூஜை. உங்கள் ஸ்பானர்களையும், பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தபோது நீங்கள் கேட்டு வாங்கி வந்த, எஞ்சினில் பிஸ்டனைத் தாங்கும் மூன்றாவது கனெக்டிங் ராடையும் சீமெண்ணெய் விட்டுத் துடைத்துச் சுவாமி முன்னால் அடுக்கினேன். அந்த வாசனை கையைவிட்டுப் போகவில்லை. மகள் குங்குமச் சிமிழை நீட்டி, "நீயே வைம்மா" என்றாள். நீங்கள் போன பிறகு நான் அந்தச் சிமிழைத் தொட்டதில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒருமுறை நம் டாக்ஸி புகையாய்த் தள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அத்திபெலேவுக்குக் கல்யாணச் சவாரி. ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் கேட்டார்கள். சவாரி தவறினால் வண்டியை விற்றுவிட்டு யார் வீட்டிலாவது டிரைவராகப் போக வேண்டியதுதான் என்றீர்கள். சொல்லிவிட்டு, அல்சூர் வீட்டு வாசலிலேயே எஞ்சினைப் பிரித்தீர்கள். நீங்கள் அடியில் படுத்து, ராடின் கீழ்மூடியைக் கழற்றிச் சுத்தியல் பிடியால் மேலே தள்ளுவீர்கள். நான் மேலே குனிந்து நின்று, தலைநீட்டும் பிஸ்டனை ராடோடு ஏந்திக்கொள்வேன்.

"பாத்து இழும்மா. உரசக் கூடாது."

"நாலு பெத்தவளுக்கு மருத்துவச்சி வேலை சொல்லித் தர்றீங்களா?"

வண்டிக்கு அடியிலிருந்து உங்கள் சிரிப்பு மட்டும் வந்தது.

ஒரு ராடின் மூடி இன்னொன்றுக்கு மாறினால் எஞ்சின் இறுகிப்போகும் என்று எச்சரித்திருந்தீர்கள். உப்பு புளிக்கே கணக்கெழுதுகிறவள் விடுவேனா? ராடிலும் மூடியிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று குங்குமப் பொட்டு வைத்தேன். தெய்வத்துக்கும் வைத்தது போல ஆயிற்று என்று நினைப்பு. நீங்கள் புது பிஸ்டன் ரிங் வாங்கப் போன நேரத்தில், உதவியாக இருக்கட்டுமே என்று மூடிகளை மட்டும் சீமெண்ணெயில் போட்டுத் தேய்த்தேன். நான்கும் பளபளவென்று வந்தன. ஒன்றிலும் பொட்டில்லை.

திரும்பி வந்து, சிவந்து கிடந்த தொட்டியைப் பார்த்தீர்கள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

"உன் கணக்கெல்லாம் குளிச்சிட்டு வந்துடுச்சு போல."

ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு மூடியை ராடில் பொருத்தி முடுக்கினீர்கள். "என் விரல் காய்ச்சுப் போச்சு. நீ நகத்தால தடவிப் பாரு. இணைப்புல தட்டுச்சுன்னா ஜோடி இல்ல."

தட்டியது. கழற்றினீர்கள், வேறொன்று மாட்டினீர்கள். மறுபடியும் தட்டியது. எத்தனை முறை என்று அன்று மட்டும் நான் எண்ணவில்லை. மூன்றாவது ராடின் மூடியைத் திருப்பி வைத்த பிறகுதான் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அதோடு நான்கும் சேர்ந்தன. பிறகு இரும்பில் புள்ளிக்குழி போடும், ஆணி போன்ற பஞ்ச் ஒன்றை எடுத்தீர்கள்.

"பொட்டு நீ வை. அதும்மேல நான் அடிக்கிறேன். இனிமே எந்த எண்ணெயும் அழிக்காது."

வெள்ளிக்கிழமை வண்டி புகையில்லாமல் கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

இன்று சிமிழைக் கையில் வாங்காமல், முதலில் அந்த ராடின் இணைப்பை நகத்தால் தடவினேன். இத்தனை வருடம் கழித்தும் தட்டவில்லை. பக்கத்திலேயே நீங்கள் அடித்த மூன்று குழிகள் இருந்தன. ஊர் வழக்கம் என்னவோ இருக்கட்டும். பொட்டு நீ வை என்று சொன்னது நீங்கள். மூன்றிலும் வைத்தேன்.

நகத்தடியில் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கிறது. இன்னும் கழுவவில்லை.