புள்ளிகளுக்குள் ஒளிந்த நம்பர்

ஆடி 12, திங்கள்
பெருங்காற்று. களத்தில் மூன்று தென்னை மட்டை விழுந்தது. டிராக்டர் லைசென்ஸ் முடிய ஒன்பது நாள். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். எடுக்க வேண்டியது: பழைய லைசென்ஸ், போட்டோ 2, ஆதார்.
கேரள சர்க்காரின் சாக்ஷரதா எழுத்தறிவு வகுப்பில் தமிழ் எழுதித் தேறி இரண்டு மாதம். ‘ழ’ இன்னும் கோணல். ஆனாலும் ஒரு பக்கம் முழுக்க நானே எழுதினேன்!

ஆடி 13, செவ்வாய்
வெயில். ஆஸ்பத்திரி. கண் பார்வை பார்க்கச் சுவரில் மலையாள எழுத்து. தமிழ்தான் வாசிப்பேன் என்றேன். நர்ஸ் காதில் வாங்கவில்லை.
பிறகு ஒரு புத்தகம். பக்கமெல்லாம் புள்ளி, கொள்ளுப் பயறைக் கொட்டிவிட்ட மாதிரி. “என்ன நம்பர்?” நம்பரே இல்லை. அடுத்த பக்கம். இல்லை. அடுத்தது. இல்லை.
நர்ஸ் உள்ளே பார்த்து, “டாக்டரே, இவருக்கு அக்கம் அறியில்ல. படிக்காத ஆளாணு.”
உடம்பு எரிந்தது. “எனக்கு நம்பர் தெரியுமுங்க. உங்க பொஸ்தகத்துலதான் இல்லீங்க!”
“அப்ப இந்தப் பக்கம் தாத்தா. படிக்காதவங்களுக்கு. கோட்டு மேல விரலை ஓட்டுங்க.”
எந்தக் கோடு? ஒன்றும் இல்லை.
அதற்கடுத்த பக்கத்தில் பளிச்சென்று 45. “நாப்பத்தஞ்சு!” கத்தியேவிட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை. டாக்டர் எழுந்து வந்தார். சிவப்பும் பச்சையும் பிரியாத கண்ணுக்குத்தான் அந்த 45 தெரியுமாம். சரியாக வாசித்த ஒரே பக்கம், அதிலேயே மாட்டிக்கொண்டேன்.
டாக்டர் நல்ல மனிதர். மெதுவாகச் சொன்னார்: “எழுதப் படிக்கத் தெரியாதவர், அதனால கலர் டெஸ்ட் பண்ணலைன்னு எழுதிடறேன். லைசென்ஸ் தப்பிச்சுடும். நாளைக்கு வாங்க.”

ஆடி 14, புதன், கா. 6 மணி
மனைவி பழனாத்தாளிடம் சொன்னேன்.
“ஏனுங்க, அப்ப என்ற கூறைச்சேலை என்ன நெறம்னே தெரியாதுங்களா?”
“பளபளன்னு இருந்துச்சு.”
சிரித்தாள். உடனே கோபம். “அவரு எழுதறத எழுதிட்டுப் போவட்டும். தேங்காய சந்தைக்கு நானா ஓட்டறது?”
நியாயம். நாற்பது வருடம், வண்டி எங்கும் இடித்ததில்லை. சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. புள்ளி மேலா வண்டி ஓட்டுகிறேன்?

அதே நாள், மதியம்
காகிதம் தயார். “எழுதப் படிக்கத் தெரியாதவர்” என்று நர்ஸ் வாசித்துக் காட்டினாள். மைப்பெட்டியைத் திறந்து என் பெருவிரலைப் பிடித்தாள். உருவிக்கொண்டேன். மேசையில் கிடந்த பேனாவை எடுத்தேன். என் பெயர், அப்பன் பெயர், ஊர். ஒரு எழுத்து விடவில்லை.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “பெரியவரே, இனி இதைத் தர முடியாதே.”
“தெரியுமுங்க.”
பஸ்ஸில் வந்தேன். பழனாத்தாள் டிராக்டரில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.