ஏஞ்சலோவுக்குக் குழம்பு உண்டு, லேப்டாப் கிடையாது

மேரி,

சாளை மீன் குழம்பு வைத்துவிட்டேன். சோறு மட்டும் வடித்துக்கொள். உன் தம்பி ஏஞ்சலோ மத்தியானம் வருவான். லேப்டாப்பை எடுத்துப்போய்ப் பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுத் தருகிறானாம். குழம்பை ஊற்று, லேப்டாப்பைக் கொடுக்காதே.

ஸ்வீட்டியைத் திட்டாதே. "பழசும் ஒரு ஓரமா கெடக்கட்டுமாப்பா?" என்று பிள்ளை கேட்கத்தான் செய்தாள். விண்டோஸை அழித்துவிட்டு முழுசா லினக்ஸே போடு என்று சொன்னது நான். நம்ம போட்டோ எல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது.

"தோல் தைக்கிற அத்தானுக்கு லினக்ஸ் எதுக்கு?" என்று சிரித்தானே, அவனிடம் சொல். அவன் போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸ், திறந்தாலே இங்கிலீஷில் என்னமோ மிரட்டும். எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து மூடிவிடுவேன். இந்த லினக்ஸ் இலவசம், ஆனால் நேர்வழியில் வந்தது. அதில் வருகிற எழுத்தையெல்லாம் ஸ்வீட்டி தமிழில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். ஐம்பது வயதில் சர்ச் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். இப்போது நானே வாசித்து நானே அமுக்குகிறேன். யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன்.

தனசீலன்

பிரஷர் மாத்திரை போடு. என் மேல் உள்ள கோபத்தில் விட்டுவிடாதே.

சார்ஜரை என் டிபன் டப்பாப் பையில் வேலைக்கு எடுத்துப் போகிறேன். அது இல்லாமல் லேப்டாப் ஓடாது. உன்னை நம்பாமல் இல்லை. தம்பி கேட்டால் உனக்கு இல்லை என்று சொல்ல வராது.