பாடங்களுக்கு விட்ட இடம்

மலர்,

இடியப்பம் மூடி வைத்திருக்கிறேன். சொதியைச் சூடாக்கு. இரவு வேலைக்குப் போகிறேன். அம்மா ஜெபக்கூட்டம் முடிந்து ஏழு மணிக்கு வருவா.

உன் உயர்தர வகுப்புப் படிவம் அகராதிக்குள் இருக்கிறது. தகப்பன் கையெழுத்து என்ற இடத்தில் ஐயாவுக்குப் பதிலாக நான் கையெழுத்து வைத்துவிட்டேன். பாடங்களை எழுதவில்லை.

மத்தியானம் நீ கத்தினாய்: "பௌதிகத்திலை இருந்த ஆசையிலைதானே அண்ணை டொக்டர் படிப்பை விட்டனீங்கள்? எனக்காக மட்டும் மாமாவிட்டை ஏன் வாய் திறக்கிறியளில்லை?"

அது நான் ஊருக்குச் சொன்ன கதை. உண்மை வேறு. மூன்றாம் வருஷம் ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு கிழவர், "டொக்டர் தம்பி, நான் பிழைப்பனோ?" என்று என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

ஆகவே என்னைப் பார்த்து, பௌதிகம் படிக்கவென்று உயிரியலை விட்டுக் கணிதம் எடுக்காதே. உனக்கு அந்தப் பயம் இல்லை. அம்மாவின் கால் புண்ணை ஒரு மாதம் நீதான் கழுவிக் கட்டினாய். மின்மாற்றி ஏன் இரைகிறது என்று என்னை மூன்று நாள் குடைந்து, கடைசியில் நீயே கண்டுபிடித்ததும் எனக்குத் தெரியும். டொக்டர் படிப்பு, பௌதிகம் இரண்டும் உன்னால் முடியும். எது இல்லாமல் இருக்க முடியாது என்று பார்த்து எழுது.

விடியற்காலை மாமா பள்ளிக்கூடத்தில் கொடுக்கப் படிவம் வாங்க வருவார். இப்போதே உன்னை "டொக்டர் பிள்ளை" என்று சொல்லித் திரிகிறார். தேத்தண்ணீர் கொடு. பேனையைக் கொடுக்காதே.

அண்ணை

கிழவரின் கதையை அம்மாவிடம் நீ சொல்லாதே. காலையில் வந்து நானே சொல்கிறேன்.

மையால் எழுது. பென்சில் என்றால் மாமா அழித்துவிடுவார்.